பறை அடித்தால் போன் ஏன் கரகரக்கிறது?

கேள்வி: வயது 22. கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். ராத்திரி நண்பர்களோடு ஆன்லைன் கேம், ஞாயிற்றுக்கிழமை சினிமா, மற்ற நேரமெல்லாம் பாட்டு என்று ஓடுகிறது. ஒன்றரை வருடமாக ஊரில் ஒரு ஆசானிடம் பறை கற்று வருகிறேன். மூன்று பறை, ஒரு உறுமி, பாடுவதற்கு ஒரு தங்கை என ஐந்து பேர் குழு. போனில் பதிவு செய்தால் அடி விழும்போதெல்லாம் கரகரவென்று உடைகிறது. பாட்டு அமுங்கிப் போகிறது. அறையில் எடுத்தால் ஒரு மாதிரி, மொட்டை மாடியில் எடுத்தால் வேறு மாதிரி. கேம் ஸ்ட்ரீம் பண்ணும் நண்பன் யூஎஸ்பி கண்டென்சர் மைக் வாங்கச் சொல்கிறான். கையில் 8,000 ரூபாய் இருக்கிறது. வாங்கலாமா? என் கேமிங் ஹெட்செட்டிலேயே மிக்ஸ் பண்ணலாமா? சினிமாப் பாட்டுக்குப் பறை அடித்துப் போட்டால் பிரச்சினை வருமா? (வாசகர், தேனி மாவட்டம்)

ஒலிப்பதிவாளர் பதில்:

தம்பி, அந்த 8,000 ரூபாய் இப்போதைக்குப் பையிலேயே இருக்கட்டும். நீங்கள் சொன்ன குறைகளில் பெரும்பாலானவை மைக்கை எங்கே வைக்கிறோம், லெவல் எவ்வளவு விடுகிறோம் என்பதால் வருபவை. இதைச் சரிசெய்யாமல் புது மைக் வாங்கினால் அதே கரகரப்பு இன்னும் துல்லியமாகப் பதிவாகும், அவ்வளவுதான்.

முதலில் கரகரப்பு எங்கே பிறக்கிறது என்று பார்த்துவிடுங்கள். ஆடாசிட்டி இலவச மென்பொருள். பழைய பதிவு ஒன்றை அதில் திறந்து, ஒரே ஒரு அடி திரை முழுக்கத் தெரியும்வரை பெரிதாக்குங்கள். அலையின் உச்சி கூராக இல்லாமல் கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டை சட்டத்தின் மேல் விளிம்பில், அதாவது மென்பொருளின் உச்ச எல்லையான பூஜ்ய டெசிபல் கோட்டில் இருந்தால் ரெக்கார்டிங் லெவல் அதிகம். செயலியில் கெயினை, அதாவது மைக் சத்தத்தை எவ்வளவு பெருக்குகிறது என்ற அளவை, குறைத்தால் தீர்ந்துவிடும். மேல் விளிம்பைத் தொடாமல் பாதி உயரத்திலேயே தட்டையாகியிருந்தால் விஷயம் வேறு. சத்தம் மைக்கிலேயே உடைந்துவிட்டது, பிறகுதான் போன் அதைச் சின்னதாக்கி எழுதியிருக்கிறது. இதற்குக் கெயின் குமிழைத் திருகி ஒரு பயனும் இல்லை. மைக் தூரம் போக வேண்டும்.

பெரும்பாலான போன்களின் மைக் சுமார் 120 டெசிபலைத் தாண்டினால் திணற ஆரம்பிக்கும். ஓரடி தூரத்தில் ஓங்கி அடிக்கும் பறையின் உச்சம் அந்த எல்லையைச் சாதாரணமாகத் தொட்டுவிடும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் 6 டெசிபல் இறங்கும். அரை மீட்டரில் இருக்கும் போனை 4 மீட்டருக்குக் கொண்டுபோனால் 18 டெசிபல் குறையும். செலவு ஒரு பைசா இல்லை.

போனில் இன்னும் இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டும். ஒன்று, போனுக்குப் பல மைக் துளைகள் இருக்கும். வீடியோ எடுக்கும்போது வேலை செய்வது கீழே இருப்பதா, பின்பக்கக் கேமரா அருகில் இருப்பதா என்பது மாடலுக்கு மாடல் மாறும். ரெக்கார்டிங்கை ஓடவிட்டு ஒவ்வொரு துளை பக்கமும் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். எது பலமாகக் கேட்கிறதோ அதுதான். உறை அந்தத் துளையை மறைத்திருந்தால் கழற்றிவிடுங்கள். இரண்டு, வாட்ஸ்அப் குரல் பதிவை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது பேச்சுக்காகச் செய்யப்பட்டது. பேச்சல்லாத சத்தத்தை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு வெட்டக்கூடும். பறை அதன் கணக்கில் சுத்த இரைச்சல். தானாக லெவலை ஏற்றி இறக்கும் வசதியும் பறைக்கு எமன். அடி விழுந்ததும் லெவலைப் படாரென்று அமுக்கி, அடுத்த நொடி மெல்லத் தூக்கும். பாட்டு அலை அடிப்பதுபோல் மேலும் கீழும் போய் வருவது இதனால்தான். கெயினைக் கையால் வைக்க விடும், பதப்படுத்தாத ஒலியை எடுக்க விடும் ரெக்கார்டர் செயலி ஒன்றைத் தேடுங்கள். ஆண்ட்ராய்டு 7 முதலே இதற்கு இடம் இருக்கிறது, ஆனால் எல்லாப் போனும் ஒத்துழைக்காது. வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். மோனோவில் நிமிடத்துக்கு 8.64 எம்பி பிடிக்கும். ஒத்திகையில் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் உச்சம் செயலியின் அளவுகோலில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். மேடையேறினால் கை தானாகவே இன்னும் ஓங்கும். அந்த இடைவெளி அதற்காகத்தான்.

அடுத்தது நிற்கும் இடம். மைக்கைவிட இதுதான் முக்கியம்.

பறைக்கு ஒரு பக்கம் தோல், மறுபக்கம் திறப்பு. தோல் முன்னால் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்னால் காற்று இழுபடுகிறது. இரண்டு அலைகளும் ஒன்றுக்கொன்று எதிர்முகம். சட்டத்தின் விளிம்புக்கு நேர் பக்கவாட்டில் இரண்டும் வந்து சேர்ந்து ஒன்றையொன்று தின்றுவிடும். அங்கே அடியோசை மெலிந்து, குச்சியின் சடசடப்பு மட்டும் நிற்கும். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு நண்பனை ஒரே சீராக அடிக்கச் சொல்லிவிட்டு, ஒரு காதைப் பொத்திக்கொண்டு அவனை ஒரு வட்டம் சுற்றி வாருங்கள். முகத்துக்கு நேரே வயிற்றில் அறையும், விளிம்புக்கு வந்ததும் காகிதம்போல் ஆகும், பின்னால் போனதும் மறுபடி உடம்பு வரும். பறைக்கு மைக் வைப்பதென்றால் தோலுக்கு நேர், அதிலும் நடுவுக்கும் விளிம்புக்கும் பாதியில் குறிபார்த்துச் சற்றே சாய்வாக. பாடும் தங்கைக்கு மைக் வைப்பதென்றால் பறைகளின் விளிம்பு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம். பறை அவர் மைக்கில் ஏறுவது கணிசமாகக் குறையும்.

ஒரே போன்தான் இருக்கிறதென்றால் இப்படித் தொடங்குங்கள்: வாய் உயரத்துக்கு ஸ்டாண்டில் போன். தங்கை அதற்கு ஒரு மீட்டரில். அவருக்குப் பின்னால் நான்கு மீட்டர் தள்ளி மூன்று பறையும் பிறைவடிவில். உறுமி அவர்களுக்குப் பக்கத்தில், பறையைவிட ஒரு மீட்டர் முன்னால். அதன் இழுப்பு ஓசை மென்மையானது, பறைக்குப் பின்னால் போனால் காணாமல் போய்விடும். ஒரு நிமிடம் எடுத்துக் கேளுங்கள். பாட்டு இன்னும் அமுங்கினால் தங்கையைக் கத்தச் சொல்லாதீர்கள், பறையை இன்னும் ஒரு மீட்டர் பின்னே தள்ளுங்கள். கேட்டு நகர்த்தி, மறுபடி கேட்டு நகர்த்தி என்று அரை மணி நேரம் போகும். போகட்டும். சரியான இடம் கிடைத்ததும் ஒவ்வொருவர் காலடியிலும் சாக்பீஸால் குறிபோட்டு, தூரத்தை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

அறையா, மாடியா? பத்துக்குப் பன்னிரண்டு காங்கிரீட் அறை பறைக்கு ஆகவே ஆகாது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சத்தம் பந்தாடும், அடுத்த அடி விழும்போது முந்தைய அடி இன்னும் அறைக்குள்ளேயே இருக்கும். சுவரில் முட்டைத் தட்டு ஒட்டுவதால் கீழ் ஓசை குறையாது. மொட்டை மாடி நல்லது, ஆனால் கைப்பிடிச் சுவரிலிருந்தும் தண்ணீர்த் தொட்டியிலிருந்தும் தள்ளி நிற்க வேண்டும். ஒலி ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 3 மில்லிநொடி எடுக்கும். இரண்டு மீட்டரில் சுவர் இருந்தால் 12 மில்லிநொடியில் திரும்பி வந்து மூல அடியோடு கலந்து அதன் நிறத்தைக் கெடுக்கும். எல்லாவற்றையும்விட மேல், அறுவடை முடிந்த வயலோ மண் மைதானமோதான். தேனிப் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. காற்றடிக்கும் மாதமாக இருந்தால் மட்டும் மைக் துளை மேல் ஒரு துண்டு பஞ்சு நுரை ஒட்டிக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குக் காற்று மைக்கில் மோதினால் எந்த மென்பொருளாலும் எடுக்க முடியாது. நேரம்: இரவு 10 முதல் காலை 6 வரை வேண்டாம். இரைச்சல் கட்டுப்பாட்டு விதிகளில் அதுதான் இரவு. குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல்தான் அளவு. பறை அதை எங்கேயோ தாண்டிவிடும்.

காலைப் பனியில் பதிவு செய்தால் இன்னொரு வம்பு. தோல் ஈரத்தை இழுத்துத் தளரும், சுருதி இறங்கும். காய்ச்சி எடுத்த பறை முதல் நிமிடத்தில் கணீரென்று ஒலித்துவிட்டு, ஐந்தாம் நிமிடத்தில் தொய்ந்திருக்கும். நேரில் யாருக்கும் தெரியாது. ஆனால் முதல் டேக்கின் பாதியையும் மூன்றாம் டேக்கின் பாதியையும் ஒட்டினால் ஒட்டிய இடம் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். ஆகையால் ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் மூன்று பறையையும் ஒரே நேரத்தில் காய்ச்சுங்கள். டேக்கின் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாக நான்கு அடி கொடுத்துவிட்டுத் தொடங்கட்டும். பிறகு எந்த டேக் எதோடு ஒட்டும் என்பதை அந்த நான்கு அடியை வைத்தே பார்த்துவிடலாம். வைக்கோல் தீயில் பறையைச் சுழற்றிக்கொண்டே, விரல் பொறுக்கும் சூட்டில் காட்டுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் விளிம்பில் தோல் வெடிக்கும், ஒட்டிய பசையும் விடும். வீட்டு கேஸ் அடுப்பில் காட்டும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். நெருப்பு ஒரே புள்ளியில் குவிகிறது, போதாக்குறைக்கு கேஸ் எரியும்போது நீராவியும் வெளியேறுகிறது. தீ மூட்ட முடியாத இடத்தில் ஹேர் டிரையர் போதும், ஓரடி தள்ளிப் பிடித்து, சட்டத்தைச் சுற்றிச் சுற்றி. செயற்கைத் தோல் போட்ட பைபர் பறைக்கு இந்தத் தொல்லை இல்லை, சுருதி நிற்கும். ஆனால் சிம்புக்குச்சியின் (பறை அடிக்கும் மெல்லிய நீளக் குச்சி) வெடிப்பு அதில் கூடுதலாகக் கூர்மை. பதிவில் காதைக் குத்தும். என்னைக் கேட்டால் பதிவுக்குத் தோல் பறைதான். மழையில் ஊர்வலம் போக வேண்டுமானால் பைபர்.

இப்போது மைக் கேள்விக்கு வருகிறேன். ஸ்ட்ரீமர்கள் வைத்திருக்கும் யூஎஸ்பி கண்டென்சர் மைக், அமைதியான அறையில் ஒரு சாண் தூரத்தில் ஒருவர் பேசுவதற்கானது. சின்னச் சத்தத்தையும் விடாமல் பிடிப்பதுதான் அதன் வேலை. பறைக்கு முன்னால் அந்தக் குணமே வினையாகும். ஒரே மைக் என்பதால் பாட்டையும் பறையையும் பிரித்து எடுக்கவும் முடியாது. இரண்டு யூஎஸ்பி மைக்கை ஒரே லேப்டாப்பில் செருகி ஆடாசிட்டியில் ஒன்றாகப் பதிவு செய்வது விண்டோஸில் பெரிய தலைவலி. பாட்டைத் தனியாகப் பதிவு செய்ய மட்டும் அது உதவும். அந்த நண்பனிடமே ஒரு நாள் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். (பல மாடல்களில் மைக்கின் தலைக்கு நேரே அல்ல, பக்கவாட்டில்தான் பாட வேண்டும். தலையில் பாடிவிட்டு மைக் மந்தம் என்று திட்டுபவர்கள் அநேகம்.)

உங்களுக்கு வேண்டியது கல்யாண மண்டபத்தில் கிடக்கும் சாதாரண டைனமிக் மைக். ஷூர் நிறுவனத்தின் எஸ்எம் 57, 58 மாதிரியானவை. 1960-களின் நடுவில் வந்த வடிவமைப்பு. இன்றும் ஸ்நேர் டிரம் பக்கத்தில் ஓரங்குலத்தில் வைக்கிறார்கள், அசைவதில்லை. பின்பக்கச் சத்தத்தைக் குறைவாகவே எடுக்கும். மைக்கின் வால் பறையைப் பார்க்கும்படி தங்கை வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில் வைத்தால் பாட்டு தனியாக எழுந்து வரும். போன் மைக் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி கேட்பது. அதைத் திருப்பி வைத்துப் பயனில்லை. ஊர் மைக் செட்காரரிடம் இரண்டு டைனமிக் மைக்கும், இரண்டு ஸ்டாண்டும், ஒரு சின்ன மிக்சரும் ஒரு நாள் வாடகைக்குப் பேசுங்கள். மிக்சரில் யூஎஸ்பி துளை இருந்தால் அது லேப்டாப்புக்கு ஒலியை அனுப்புவதா, பென் டிரைவ் பாட்டு போடுவதற்கு மட்டுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். மிக்சரின் வெளியீட்டைப் போனின் இயர்போன் துளையில் நேராகச் செருகாதீர்கள். அது மைக் அளவு மெல்லிய சிக்னலுக்கான துளை, உடனே உடையும். இரண்டு மூன்று வாடகை நாட்களுக்குப் பிறகு உங்களுக்கே எது தேவை என்று தெரியும். அப்போது ஒரு டைனமிக் மைக், இரண்டு உள்ளீடு கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) என்று பழையதாகப் பார்த்து வாங்கலாம்.

வாடகையும் வேண்டாம் என்றால் இரண்டு தடவையாகப் பதிவு செய்யுங்கள். முதலில் பறையும் உறுமியும். தங்கை தூரத்தில் நின்று மெல்லப் பாடட்டும், வாத்தியக்காரர்களுக்கு இடம் தெரிவதற்காக மட்டும். மெட்ரோனோம் (சீராகக் கிளிக் தட்டும் தாளக் கருவி) வேண்டாம், பறை கொஞ்சம் கொஞ்சமாக வேகம் பிடிப்பதுதான் அதன் உயிர், கிளிக்குக்குக் கட்டினால் விறைத்துப் போகும். பிறகு அந்தப் பதிவை ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டே தங்கை மூடிய அறையில், கட்டிலில் போர்வை மெத்தைகளை அடுக்கிவிட்டு, பாடட்டும். ஹெட்செட் கம்பியுள்ளதாக இருக்க வேண்டும். புளூடூத் போட்டால் கால் நொடி வரைகூடத் தாமதமாகும், தாளம் எங்கேயோ போய்விடும். கம்பியிலும் சிறு தாமதம் உண்டு. தொடக்க அடிக்கு ஒரு கைதட்டல் பதிவு செய்து, பாட்டு வரியை நகர்த்தி அந்த இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்துங்கள்.

கேமிங் ஹெட்செட்டில் மிக்ஸ் பண்ணலாம், அதன் பொய்களைத் தெரிந்துகொண்டு. வெடிச் சத்தம் அதிர வேண்டும் என்பதற்காகப் பல ஹெட்செட்டுகளில் கீழ் ஓசை தூக்கலாக இருக்கும். அதைக் கேட்டு நீங்கள் உறுமியைக் குறைப்பீர்கள். வேறு எங்கே கேட்டாலும் உறுமி சோனியாக இருக்கும். 7.1 சரவுண்டு, ஈக்வலைசர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, உங்களுக்கு மனப்பாடமான ஒரு சினிமாப் பாட்டை ஐந்து நிமிடம் அதில் கேட்டுக் காதைப் பழக்கிக்கொண்டு உட்காருங்கள். முடித்ததும் போன் ஸ்பீக்கரில் போட்டுப் பாருங்கள். அதில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் வராது. அங்கேயும் தாளம் புரிந்தால் மிக்ஸ் தேறிவிட்டது.

மிக்ஸில் அதிகம் செய்யாதீர்கள். 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். அங்கே இருப்பது காற்றும் லாரியும்தான். பாட்டின் மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்கும் இடமும் சிம்புக்குச்சி வெடிக்கும் இடமும் ஏறத்தாழ ஒன்று: 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ். பறைத் தடத்தில் 3 கிலோஹெர்ட்ஸ் சுற்றி 2, 3 டெசிபல் குறைத்தாலே, பாட்டை ஏற்றாமல், சொல் புரிய ஆரம்பிக்கும். கம்ப்ரெசர் (உரத்த சத்தத்தை அமுக்கும் வசதி) போட்டால் விகிதம் மூன்றுக்கு ஒன்று, பிடிக்கும் நேரம் 20 முதல் 30 மில்லிநொடி. ஒரு மில்லிநொடி என்று வைத்தால் அடியின் தலையையே கடித்துத் துப்பிவிடும், மிஞ்சுவது தகரம். கடைசிச் சத்த அளவு மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு) பக்கம், உச்சம் மைனஸ் 1 டெசிபல். இதற்கு மேல் அமுக்கி ஏற்றினாலும் யூடியூப் தன் அளவுக்கு இறக்கிவிடும். அமுக்கியதில் போன உயிர்தான் நஷ்டம்.

வீடியோ தனியாக எடுப்பதென்றால் தொடக்கத்தில் கேமராவுக்குத் தெரியும்படி ஒரே ஒரு அடி. சினிமாவில் கிளாப் அடிப்பது எதற்கோ அதற்குத்தான் இதுவும். 25 ஃபிரேமில் எடுத்தால் ஒரு ஃபிரேம் 40 மில்லிநொடி. இரண்டு ஃபிரேம் தள்ளினாலே குச்சி ஒரு இடத்தில், சத்தம் ஒரு இடத்தில் என்று கண் கண்டுபிடித்துவிடும். ஆரம்பத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால் போன் ஃபிரேம் வேகத்தை மாற்றி மாற்றி எழுதியிருக்கிறது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் மாறாத ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு வெட்டுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. பணியிடப் பாதுகாப்புக்கு அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு சொல்லும் கணக்கில் 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். மூன்று பறைக்கு நடுவே ஒரு மணி நேரம் ஒத்திகை பார்த்துவிட்டு, ராத்திரி ஹெட்செட்டை முழுச் சத்தத்தில் வைத்துக் கேம் ஆடுகிறீர்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் நுரைக் காதடைப்பான் ஒத்திகைக்குப் போதும். ஒத்திகை முடிந்து காதில் ‘கொய்ங்’ என்று ஓசை இருந்தால் அன்றைக்கு ஹெட்செட்டைத் தொட வேண்டாம், மிக்ஸும் வேண்டாம். அந்தக் காது சொல்வது எதுவும் சரியாக இருக்காது.

சினிமாப் பாட்டு விஷயம்: மூலப் பாட்டை ஓடவிட்டு அதன்மேல் அடித்தால் யூடியூபின் தானியங்கிச் சோதனை பிடித்துவிடும்; வீடியோ முடங்கலாம், அல்லது வருமானம் உரிமையாளருக்குப் போகலாம். நீங்களே பாடி அடித்தாலும் மெட்டுக்கும் வரிக்கும் உரிமை இருக்கிறது. நம் சட்டத்தில் அது படைத்தவர் காலத்துக்குப் பின் 60 ஆண்டு. பழகுவதற்கு அடியுங்கள், குழுவின் பெயரில் வெளியிட வேறு பாட்டு எடுங்கள். நடவுப் பாட்டும் கும்மியும் தெரிந்த பெரியவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். யாரோ ஏற்கெனவே வெளியிட்ட பதிவிலிருந்து வெட்டி எடுக்காமல், அவர்களையே நேரில் பாடச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். பாடுவதற்கு ஒரு தொகை கையில் கொடுத்துவிட்டு, வீடியோவின் குறிப்பில் முதல் வரியாக அவர் பெயரைப் போடலாமா என்று கேளுங்கள். வருமானம் வந்தால் அவருக்கு எவ்வளவு என்பதையும் அன்றைக்கே பேசிவிடுங்கள். உங்கள் 8,000-த்தில் முதல் செலவு அதுவாக இருக்கலாம்.